‘இதுல என் வட்டம் எது மேடம்?’: ஒட்டுதலும் ‘நான்’ என்ற உணர்வும், செட்டிநாட்டிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

ஆலோசனைக்காக என்னிடம் வந்த ஒரு பெண்ணைப் பற்றியது இது. இந்த நிகழ்வை எழுத அனுமதி கேட்டபோது அவர் சொன்னது: “எங்க ஊர் பேரும் வீட்டு அடையாளமும் வேண்டாம் மேடம். மத்ததை எழுதுங்க, யாருக்காவது ஆகும்.” அதன்படி ஊரைச் சொல்லவில்லை. வயது, வேலை, சில சம்பவங்களையும் ஆளைக் கண்டுபிடிக்க முடியாதபடி மாற்றியிருக்கிறேன். காரைக்குடியிலிருந்து பஸ்ஸில் போய்வரும் தூரத்தில் உள்ள ஒரு நகரத்தார் (நாட்டுக்கோட்டைச் செட்டியார்) ஊர் என்று தெரிந்தால் போதும்.

பெயருக்குப் பதிலாக அவரை ‘ஆச்சி’ என்றே எழுதுகிறேன். 37 வயதுதான். ஆனால் மளிகைக் கடைக்காரருக்கும் ஆட்டோக்காரருக்கும் பக்கத்து வீட்டாருக்கும் அவர் ஆச்சிதான். பெயர் சொல்லிக் கூப்பிட இன்றைக்கு இருப்பது அவருடைய ஆத்தா, அதாவது அம்மா, ஒருவர்தான். கணவர்கூட “இங்க பாரு” என்றுதான் பேச்சை ஆரம்பிப்பாராம். அந்தப் பக்கத்தில் இது சாதாரணம், குறையாகச் சொல்லவில்லை. ஆனால் பின்னால் ஓரிடத்தில் இந்தப் பெயர் விஷயம் வரும்.

வந்த காரணம்

முதல் நாள் ரத்தப் பரிசோதனைச் சீட்டுகளை எல்லாம் ஒரு பிளாஸ்டிக் கவரில் போட்டு எடுத்து வந்தார். நான்கு மாதமாகச் சரியான தூக்கம் இல்லை, அடிக்கடி வயிற்றைப் புரட்டுகிறது, சில நாள் வாந்தி. தைராய்டு, சர்க்கரை, ரத்த அளவு எல்லாம் சரியாக இருந்தன. வயிற்றுக்கு ஸ்கேனும் எடுத்தாகிவிட்டது. “உடம்புல ஒண்ணுமில்ல, யார்கிட்டயாவது மனசுவிட்டுப் பேசுங்க” என்று மருத்துவர் அனுப்பியிருந்தார். 11 மணிக்கு வரச் சொல்லியிருந்தேன். பத்தரைக்கே வந்து வாசல் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் வருவதுண்டா என்று முதல் சந்திப்பிலேயே நேராகக் கேட்டேன். இல்லை என்றார், பின்னாலும் அப்படி எதுவும் வரவில்லை.

தூக்கமின்மைக்காகவே வந்ததாகத்தான் நானும் நினைத்தேன். எழுந்து போகிற நேரத்தில், கதவருகே நின்றுகொண்டு, உண்மையான காரணத்தைச் சொன்னார். பத்து நாளுக்கு முன்னால் அவருடைய ஒன்பது வயது மகளுக்குக் காய்ச்சல். பள்ளிக்கூடத்திலிருந்து வரும்போதே உடம்பு கொதித்திருக்கிறது. பிள்ளை யாரிடமும் சொல்லாமல் வளவுத் (வீட்டின் உள்முற்றத்து) தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். ராத்திரி எட்டு மணிக்குத் தொட்டுப் பார்த்துப் பதறி, ஏன் சொல்லவில்லை என்று கேட்டிருக்கிறார். மகள் சொன்ன பதில்: “அப்பச்சி போன் எடுக்கட்டும், அப்புறம் சொல்லலாம்னு இருந்தேன்.” அந்தப் பக்கத்தில் அப்பச்சி என்றால் அப்பா.

இதைச் சொல்லும்போது ஆச்சி அழவில்லை. “நான் சின்ன வயசுல என்ன செஞ்சேனோ, அதையே அவ செய்யறா மேடம்” என்றார். என்னைப் பொறுத்தவரை அந்த ஒரு வாக்கியத்தில் இந்த நிகழ்வு முழுவதும் இருந்தது. ஆனால் அது எனக்குப் புரிய இரண்டு மாதம் ஆனது.

கணவர் சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் கணக்குப் பிரிவில் இருக்கிறார். வருடத்துக்கு இரண்டு முறை வருவார். கல்யாணமாகி 12 வருடம். ஆச்சி ஒரு நாளில் அவருக்கு அனுப்பும் வாட்ஸ்அப் செய்திகள் சராசரியாக முப்பதைத் தாண்டும். சாப்பிட்டாச்சா, என்ன சாப்பிட்டீக, மழையா, ஏன் பேசலை. நீல டிக் விழுந்து பதில் வராவிட்டால் முதல் அரை மணி நேரம் கோபம், அப்புறம் பயம், மூன்று மணி நேரம் தாண்டினால் வாந்தி. ஒருமுறை கணவரின் அறைத்தோழருக்குப் போன் செய்துவிட்டார். அதற்குப் பிறகு கணவர் வேலை நேரத்தில் போனை அணைத்துவைக்க ஆரம்பித்தார். அவர் அணைக்க அணைக்க இவர் கூப்பிடுவது கூடியது. இவர் கூப்பிடக் கூப்பிட அவர் அணைப்பது கூடியது. கணவன் மனைவியோடு வேலை செய்கிறவர்களுக்கு இந்தச் சுழல் நன்றாகத் தெரியும். ஒருவர் துரத்துவார், ஒருவர் ஓடுவார். ஓடுகிறவரைப் பார்த்துத் துரத்துகிறவர் இன்னும் வேகமெடுப்பார்.

இது வரையில் ஒரு சாதாரணத் தம்பதிப் பிரச்சினைதான். அதைவிட ஆழமாக ஏதோ இருக்கிறது என்று எனக்குத் தோன்றியது சாப்பாட்டைப் பற்றிப் பேசியபோது.

“உங்களுக்கு என்ன பலகாரம் பிடிக்கும்?” என்று பேச்சோடு பேச்சாகக் கேட்டேன். “அவுகளுக்கு வெள்ளைப் பணியாரம்னா உசுரு” என்றார். சரி, உங்களுக்கு? “பாப்பாவுக்குக் கந்தரப்பம்.” உங்களுக்கு ஆச்சி? கொஞ்ச நேரம் யோசித்தார். “நான் எல்லாமே சாப்பிடுவேன்.” எதுவும் பிடிக்காமல் இல்லை, எதுவும் தனியாகப் பிடித்ததாகவும் இல்லை. சேலை எடுக்கப் போனால் கடையிலிருந்து வீடியோ கால் போடுவார். கணவர் எடுக்காவிட்டால் சேலை எடுக்காமலே திரும்பிவிடுவார். ஓட்டு போடுவது, செய்தியைப் பற்றிய கருத்து, ஒரு உறவினர் நல்லவரா கெட்டவரா என்பது எல்லாமே கணவர் கடைசியாகச் சொன்னது. கல்யாணத்துக்கு முன்னால் அவை ஆத்தா சொன்னவை.

அடுத்த வாரம் ஒரு தாளைக் காட்டினேன். ஆர்தர் ஆரன் என்ற உளவியலாளரும் அவருடைய குழுவினரும் 1992இல் வெளியிட்ட ஓர் எளிய அளவுகோல் அது. ‘நான்’ என்று ஒரு வட்டம், ‘மற்றவர்’ என்று ஒரு வட்டம். ஏழு படங்கள். முதல் படத்தில் வட்டங்கள் தள்ளி நிற்கும், ஏழாவதில் ஏறக்குறைய ஒன்றின் மேல் ஒன்று விழுந்துவிடும். உங்கள் உறவு எது என்று காட்ட வேண்டும். ஆச்சி யோசிக்காமல் ஏழாவதில் விரல் வைத்தார். வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கேட்டார்: “இதுல என் வட்டம் எது மேடம்?”

ஆத்தாவின் முகம்

ஆச்சி பிறந்தது இன்னொரு செட்டிநாட்டு ஊரில், மூன்று பெண்களில் நடுப்பிள்ளை. அப்பச்சி நல்லவர், ஆனால் பெரும்பாலும் வெளியூர். ஆத்தா பாசக்காரர். பாசம் இருக்கும் நாளில் மடியில் போட்டு ஊட்டுவார். ஆனால் ஏதாவது மனதுக்குப் பிடிக்காமல் போனால் பேச்சை நிறுத்திவிடுவார். அடிப்பதில்லை, திட்டுவதில்லை. பேசமாட்டார், அவ்வளவுதான். இரண்டு நாள், மூன்று நாள், ஒருமுறை ஒன்பது நாள். எதற்காக என்பதைப் பிள்ளையே கண்டுபிடித்து மன்னிப்புக் கேட்க வேண்டும். தப்பான காரணத்துக்கு மன்னிப்புக் கேட்டால் இன்னும் இரண்டு நாள்.

“அடுப்படில பாத்திரம் வைக்கிற சத்தத்துலயே தெரிஞ்சுரும் மேடம், இன்னைக்கு எப்படின்னு. ஆத்தா முகம் எப்படியோ அன்னைக்கு நான் அப்படி.” இந்தக் கடைசி வாக்கியத்தை அவர் வேகமாகச் சொல்லிக் கடந்துவிட்டார். நான் நிறுத்தி மறுபடி சொல்லச் சொன்னேன். “ஆத்தா சிரிச்சா நான் நல்ல பிள்ளை. இல்லாட்டி கெட்ட பிள்ளை.”

தாயும் சேயும் பிணைந்திருக்கும் விதத்தைப் பற்றி முறையாகச் சிந்தித்தவர் இங்கிலாந்தின் மனநல மருத்துவர் ஜான் பௌல்பி. குழந்தை தன்னைப் பார்த்துக்கொள்பவரிடமிருந்து இரண்டு கேள்விகளுக்குப் பதிலைச் சேகரிக்கிறது என்பது அவருடைய எண்ணத்தின் மையம். கூப்பிட்டால் வருவார்களா என்பது ஒன்று. வரத்தக்க பிள்ளைதானா நான் என்பது இன்னொன்று. முதல் கேள்வி மற்றவரைப் பற்றியது, இரண்டாவது தன்னைப் பற்றியது. குழந்தையின் மனதில் இரண்டுக்கும் ஒரே நேரத்தில், ஒரே கையிலிருந்து பதில் வருகிறது. ஆத்தா வராவிட்டால் ‘ஆத்தாவுக்கு இன்று முடியவில்லை’ என்று எந்தக் குழந்தையும் நினைப்பதில்லை. ‘நான் சரியில்லை’ என்றுதான் நினைக்கும்.

பௌல்பியோடு வேலை செய்த மேரி ஐன்ஸ்வொர்த் 1954இல் உகாண்டாவில் வீடு வீடாகப் போய்க் குழந்தைகளைக் கவனித்தார். பிறகு அமெரிக்காவின் பால்டிமோரில், தாய் சில நிமிடம் அறையை விட்டு வெளியே போய்த் திரும்பும்போது குழந்தை என்ன செய்கிறது என்று பார்த்தார். பெரும்பாலான குழந்தைகள் அழுதாலும் தாய் வந்ததும் சமாதானமாகி விளையாடப் போய்விட்டன. சில குழந்தைகள் தாய் வந்த பிறகும் சமாதானமாகாமல், ஒட்டிக்கொண்டும் உதறிக்கொண்டும் அழுதன. இன்னும் சில, தாய் வந்ததையே கவனிக்காததுபோல் பொம்மையைப் பார்த்துக்கொண்டிருந்தன. கடைசி வகைக் குழந்தைகளைத் தைரியசாலிகள் என்று எண்ணத் தோன்றும். ஆனால் அவற்றின் இதயத்துடிப்பை அளந்த பிற்கால ஆய்வுகள், உள்ளே பதற்றம் இருப்பதைக் காட்டின. 1987இல் ஹேசனும் ஷேவரும் இதே மூன்று பாங்குகள் பெரியவர்களின் காதல் உறவிலும் தெரிகின்றன என்று எழுதினார்கள்.

நம் வீடுகளில் ‘அவளுக்கு ஒட்டுதல் ஜாஸ்தி’, ‘அவன் யார்கிட்டயும் ஒட்டமாட்டான்’ என்கிறோமே, அந்த ஒட்டுதல்தான் இது. நான் ஆச்சியிடம் இந்தச் சொல்லைத்தான் பயன்படுத்தினேன். பாட்டிமார்களுக்கும் புரியும் சொல் இருக்கும்போது வேறு எதற்கு?

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். வெளிநாட்டில் பிறந்த கருத்தைக் கொண்டுவந்து கூட்டுக் குடும்பத்துப் பெண்ணை நோயாளி ஆக்குகிறோமா என்ற சந்தேகம் எனக்கு எப்போதும் உண்டு. எட்டு நாடுகளில் ஏறத்தாழ 2,000 குழந்தைகளிடம் செய்யப்பட்ட ஆய்வுகளை 1988இல் வான் ஐசன்டோர்னும் க்ரூனன்பர்க்கும் தொகுத்துப் பார்த்தார்கள். நாட்டுக்கு நாடு இருந்த வித்தியாசத்தைவிட ஒரே நாட்டுக்குள் இருந்த வித்தியாசம் அதிகமாக இருந்தது. அதாவது நெருக்கமாக வாழ்வது வேறு, பதறிக்கொண்டு வாழ்வது வேறு. என் அனுபவமும் அப்படித்தான். ஆச்சியின் மாமியார் அந்த வீட்டைத் தாண்டி அதிகம் போனதில்லை, வாழ்நாள் முழுக்க உறவுகளுக்கு நடுவிலேயே இருப்பவர். ஆனால் அவருக்குத் தனக்கு என்ன வேண்டும் என்று துல்லியமாகத் தெரியும். காபியில் டிகாஷன் ஒரு துளி கூடினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்.

ஆச்சிக்கு இல்லாதது அந்தத் திருப்பி அனுப்பும் திராணி. தன்னைப் பற்றிய மதிப்பைத் தனக்குள் வைத்துக்கொள்ள ஓர் இடம் அவரிடம் இல்லை. அது வெளியே, இன்னொருவர் முகத்தில் இருந்தது. முன்பு ஆத்தாவின் முகம், இப்போது போனின் நீல டிக். ஸ்லாட்டர், கார்ட்னர் என்ற இரு ஆய்வாளர்கள் 2012இல் வெளியிட்ட ஆய்வு இதைத் தொடுகிறது. ஒட்டுதலில் பதற்றம் கூடியவர்கள் தங்கள் துணையைப் போலத் தங்களைப் பற்றிய சித்திரத்தையே மாற்றிக்கொள்ள மற்றவர்களைவிட அதிகம் தயாராக இருந்தார்கள். உன்னைப் போலவே ஆகிவிட்டால் நீ என்னை விடமாட்டாய் என்ற கணக்கு அது. கணக்கு தப்பிவிடுகிறது. துணை நகரும்போதெல்லாம் தானும் கரைகிறோம் என்று தோன்றும். அதனால்தான் மூன்று மணி நேர மௌனம் அவருடைய வயிற்றைப் புரட்டியது. கணவர் விட்டுவிடுவார் என்ற பயத்தோடு, கணவர் இல்லாவிட்டால் நான் யாருமே இல்லை என்ற பயமும் அதில் இருந்தது.

நான் செய்த தவறு

நான்காவது சந்திப்பில் அவருக்கு ஒரு வேலை கொடுத்தேன். தினமும் அரை மணி நேரம் உங்களுக்கென்று வைத்துக்கொள்ளுங்கள், பிடித்ததைச் செய்யுங்கள் என்றேன். ஆலோசகர்கள் எல்லாரும் சொல்வதுதான். அடுத்த வாரம் மலர்ந்த முகத்தோடு வந்து, தினமும் நடக்கப் போவதாகவும் புத்தகம் வாசிப்பதாகவும் சொன்னார். எனக்கு மகிழ்ச்சி. அதற்கடுத்த வாரம் காபி வந்தது. வழக்கமாகச் சர்க்கரை போட்டுக் குடிப்பவர், வேண்டாம் என்றார். எட்டாவது சந்திப்பில் அவர் கட்டியிருந்த பருத்திச் சேலையின் நிறமும் கரையும் எங்கோ பார்த்தாற்போல் இருந்தன. நான் அதற்கு முந்தின மாதம் கட்டியிருந்ததுதான்.

நடப்பது, வாசிப்பது, சர்க்கரை இல்லாத காபி எல்லாம் என்னுடையவை. ஆத்தாவிடமிருந்து கணவருக்குப் போன இடம் இப்போது எனக்கு வந்திருந்தது. ‘உங்களுக்குப் பிடித்ததைச் செய்யுங்கள்’ என்று நான் சொன்னதையும் அவர் ஒரு கட்டளையாக எடுத்துக்கொண்டு, எனக்குப் பிடித்ததைச் செய்துகொண்டிருந்தார். நான் அதைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதை இன்றும் மன்னிக்க முடியவில்லை. அவர் நல்ல பிள்ளையாக இருந்தார், நான் சிரித்தேன்.

மெதுவாகத்தான் எடுத்துச் சொன்னேன். “ஆச்சி, இந்தக் காபி கசக்கலையா?” தலை குனிந்தார். “கசக்குது மேடம்.” எங்களுக்குள் நடந்த உண்மையான முதல் பேச்சு அதுதான் என்பேன். எனக்குப் பிடிக்காத ஒன்றை அவர் என் எதிரிலேயே சொன்னார், நான் பேச்சை நிறுத்தவில்லை. அடுத்த வாரமும் அதே நாற்காலியில் இருந்தேன். இது சின்ன விஷயமாகத் தெரியலாம். அவருடைய 37 வருடத்தில் இப்படி நடந்தது கை விரல்களில் எண்ணும் அளவுக்குத்தான்.

பற்றும் வரவும்

ஆச்சி பி.காம். படித்தவர். அதற்கும் முன்னால், பத்து வயதிலேயே, அப்பச்சி ஊருக்கு வரும் நாட்களில் பக்கத்தில் உட்காரவைத்துப் பேரேடு எழுதவும் ஐந்தொகை போடவும் சொல்லிக் கொடுத்திருக்கிறார். பர்மா, மலேயா, இலங்கை என்று கடல் கடந்து லேவாதேவி செய்த சமூகத்தில் கணக்கு எழுதுவது கைத்தொழில் மாதிரி. “கணக்கு டேலி ஆகும்போது ஒரு சந்தோஷம் வரும் மேடம்” என்று ஒரு நாள் சொன்னார். அவர் வாயிலிருந்து வந்த ‘எனக்குச் சந்தோஷம்’ அதுதான் முதல். நான் பிடித்துக்கொண்டேன்.

ஒரு நீள நோட்டு வாங்கச் சொன்னேன். தினமும் ஒரே ஒரு பதிவு. அன்றைக்கு எடுத்த ஏதாவது ஒரு முடிவு, அல்லது சொன்ன ஒரு கருத்து. அது இன்னொருவர் முகத்துக்காக என்றால் பற்றில் எழுத வேண்டும், தனக்குள்ளிருந்து வந்தது என்றால் வரவில். கணக்கில் பற்று என்றால் எடுத்தது, மனதில் பற்று என்றால் ஒட்டுதல். நம் மொழியில் இரண்டுக்கும் ஒரே சொல் இருப்பது இந்த வேலைக்கு எவ்வளவு உதவியது என்று சொல்லி முடியாது. அவருக்கு நான் விளக்கவே வேண்டியிருக்கவில்லை.

எல்லாம் பற்று ஆகிவிடக்கூடாது என்ற பயத்தில் முதல் வாரம் வரவுப் பக்கத்தில் ஏதேதோ எழுதிவந்தார். இது எனக்காக எழுதியது என்று இருவருக்கும் தெரிந்தது. அவரே பேனாவை எடுத்து ஏழு பதிவுகளையும் அடித்துப் பற்றுக்கு மாற்றினார். பேரேட்டில் ஒவ்வொரு கணக்குக்கும் மேலே ஒரு பேர் இருக்க வேண்டும். அந்த இடம் காலியாக இருந்தது. நான் கேட்கவில்லை.

மூன்றாவது வாரம் வரவில் ஒரு வரி: ‘கும்மாயம் எனக்குப் பிடிக்காது.’ மாமியார் கிண்டித் தரும்போதெல்லாம் 12 வருடமாக இரண்டாவது கரண்டி கேட்டு வாங்கிச் சாப்பிட்டவர் அவர். பிடிக்காததிலிருந்துதான் ஆரம்பித்தது. பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். என்ன வேண்டும் என்பதைவிட என்ன வேண்டாம் என்பது முன்னால் வரும். ஆறாவது வாரம் ‘வெண்டைக்காய் மண்டி, புளிப்புக் கூடுதலாக’ என்று இருந்தது. நோட்டின் மேல் அவருடைய பெயர் எழுதியிருந்தது. வீட்டு விலாசம் இல்லை, இன்னாரின் மனைவி இல்லை, பெயர் மட்டும்.

கணவர்

ஒட்டுதலில் ஒருவரை மட்டும் பார்த்தால் பாதிதான் தெரியும். கணவரோடு மூன்று முறை வீடியோவில் பேசினேன், விடுமுறையில் வந்தபோது இரண்டு முறை நேரில்.

மரியாதையான மனிதர், சுருக்கமான பேச்சு. “எனக்கு ஒண்ணும் இல்ல மேடம். அவளுக்குத்தான் கொஞ்சம் சொல்லிக் கொடுங்க.” சின்ன வயதைப் பற்றிக் கேட்டால், “நல்லாத்தான் வச்சிருந்தாக.” நல்லா என்றால், ஒரு சம்பவம் சொல்லுங்கள் என்றால் ஒன்றும் வராது. பெரியவர்களின் ஒட்டுதலை அறிய மேரி மெயினும் அவருடன் வேலை செய்தவர்களும் 1980களில் வகுத்த நேர்காணலில் இது முக்கியமான தடயம். அம்மா அன்பானவர் என்று சொல்வார்கள், அந்த அன்புக்கு ஒரு நாளின் நினைவுகூட சாட்சிக்கு வராது.

இரண்டாவது வீடியோ அழைப்பின் கடைசியில்தான், யாரோ மூன்றாம் ஆளைப் பற்றிச் சொல்வதுபோல், தான் ‘பிள்ளை கூட்டி வந்தவன்’ என்றார். வாரிசில்லாத வீட்டுக்குப் பங்காளி வீட்டிலிருந்தோ உறவிலிருந்தோ பிள்ளை கூட்டுவது நகரத்தாரிடம் நெடுநாள் வழக்கம். இவரை எட்டு வயதில் கூட்டியிருக்கிறார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து தத்தெடுப்புச் சட்டப்படி, தத்துப் போன நாளிலிருந்து பிறந்த குடும்பத்து உறவு சில விதிவிலக்குகளோடு அற்றுப்போகும். சட்டத்துக்கு ஒரு நாளில் முடிகிறது. எட்டு வயதுப் பிள்ளைக்கு எப்படி முடியும்? பெற்ற தாய் இரண்டு தெரு தள்ளி இருந்தார். அவரைச் ‘சின்னாத்தா’ என்று கூப்பிடச் சொன்னார்கள். விசேஷங்களுக்கு அந்த வீட்டுக்குப் போனால் விருந்தாளிக்குப் போடும் பெரிய இலையில் சோறு போடுவார்கள்.

“அழுதீங்களா?” என்றேன். “அழுதா ரெண்டு பேருக்கும் சங்கடம். அதனால இல்ல.” எட்டு வயதில் எடுத்த முடிவு அது.

தத்து வந்தவர்கள் எல்லாரும் இப்படி ஆவார்கள் என்று தயவுசெய்து யாரும் எடுத்துக்கொள்ள வேண்டாம். கூட்டி வந்த வீட்டில் தங்கமாக வளர்ந்து, இரண்டு தாய்மாரையும் உரிமையோடு கூப்பிடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். இவர் விஷயத்தில் துக்கத்தைப் பேச இடமில்லாமல் போனதுதான் பிரச்சினை. அவருடைய ‘நான்’ பார்க்க உறுதியானது, ஆனால் ஒரே கல்லில் நிற்கிறது: எனக்கு யாரும் தேவையில்லை. இஸ்ரேலின் மரியோ மிக்குலின்சர் 1998இல் வெளியிட்ட ஆய்வுகளில், நெருக்கடி வரும்போது பதற்றமானவர்கள் தங்களைத் தாழ்த்திக்கொண்டார்கள், விலகி நிற்பவர்கள் தங்களைக் கூடுதலாக உயர்த்திக்கொண்டார்கள். இரண்டும் ஒரே பயத்துக்குப் போடும் இரண்டு கட்டுகள். மனைவியின் முப்பது செய்திகளில் அவர் பார்த்தது பாசத்தை இல்லை, தன்னை இழுக்கும் ஒரு கையை. ஒரு முறை இழுத்துக்கொண்டு போய் விட்டவர்கள் மறுபடி இழுக்கிறார்கள் என்று உடம்பு எடுத்துக்கொண்டது.

வேறு வைத்தல்

இந்த நிகழ்வில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி இது. இதை நான் கண்டுபிடிக்கவில்லை, ஆச்சி கண்டுபிடித்தார்.

நகரத்தாரின் கோவில் கணக்கில் கல்யாணமான ஆணும் மனைவியும் சேர்ந்து ஒரு புள்ளி, அதாவது ஒன்றாக எண்ணப்படும் ஒரு குடும்பம். அதே சமூகத்தில், கல்யாணமான பிள்ளையை அதே வீட்டுக்குள் ‘வேறு வைப்பது’ என்று ஒரு வழக்கமும் உண்டு. பெரியவர்களோடு ஒரே கூரைக்கு அடியில்தான் இருப்பார்கள், வளவும் முகப்பும் பொதுதான். ஆனால் மகனும் மருமகளும் தனி அடுப்பில் சமைப்பார்கள், வருடத்துக்கு வேண்டிய சாமானைப் பெரியவர்கள் கொடுத்துவிடுவார்கள். சண்டை போட்டுப் பிரிவதில்லை அது. சடங்காக, நல்ல நாள் பார்த்துச் செய்வது. ஒரே வீட்டில் இருந்துகொண்டே தன் உலையைத் தான் வைக்கப் பழகுவதற்கு.

ஆச்சியை அப்படி வைக்கவில்லை. ஒரே பிள்ளை, அவரும் வெளிநாடு போகிறார், எதற்கு என்று விட்டுவிட்டார்கள். நெருக்கத்தைக் குறைக்கச் சொல்கிறேனோ என்று அவருக்கு நெடுநாளாக ஒரு சந்தேகம் இருந்தது. நானும் எல்லை, தனிமை என்று என் படிப்பில் வந்த சொற்களால் விளக்கித் தோற்றுக்கொண்டிருந்தேன். ஒரு நாள் அவரே சொன்னார். “என்னை மனசுல வேறு வைக்கலை மேடம். ஆத்தாவும் வைக்கலை, நானும் வச்சுக்கலை. அதானே?”

அதன் பிறகு எங்களுக்கு வேறு விளக்கம் தேவைப்படவில்லை.

நடைமுறையில் செய்தவை சில. தினம் இரவு ஏழு மணிக்கு, சிங்கப்பூரில் ஒன்பதரை, இருபது நிமிடப் பேச்சு. கணவர் அந்த நேரத்தைத் தவறவிடக்கூடாது. இடையில் ஆச்சி கூப்பிடுவதில்லை, அவசரம் என்றால் ஒரே ஒரு செய்தி. எத்தனை முறை பேசுகிறோம் என்பதைவிட, சொன்ன நேரத்தில் வருகிறார் என்பதுதான் பதறும் மனதைத் தணிக்கிறது. ஆத்தாவின் மௌனம் எப்போது உடையும் என்று தெரியாமல் வளர்ந்தவருக்கு, ஏழு மணி என்றால் ஏழு மணி என்பது மருந்து. கணவருக்கும் இது வசதியாக இருந்தது. இழுக்கப்படாமல் தானாக வருவது அவருக்கும் புதிது. இரண்டாவது மாதத்தில் ஒரு நாள் ஆறே முக்காலுக்கே கூப்பிட்டார். ஆச்சி போனைக் கையில் வைத்துக்கொண்டு எடுக்கத் தெரியாமல் நின்றாராம்.

வயிறு புரட்டும்போது என்ன செய்வது என்றும் பழகினோம். முதலில் உடம்பில் எங்கே என்று பார்ப்பது, மூச்சை நீளமாக விடுவது, பிறகு நோட்டில் ஒரு வரி: இது இன்றைய பயமா, அடுப்படிப் பாத்திரச் சத்தத்துப் பயமா? பெரும்பாலும் இரண்டாவதுதான். மகளோடும் ஒரு வேலை இருந்தது. பிள்ளையை உட்காரவைத்து, “அம்மா முகம் எப்படி இருந்தாலும் நீ வந்து சொல்லலாம். அம்மா முகத்தைப் பாத்துக்கிறது அம்மா வேலை” என்று ஆச்சி சொன்னார். ஒருமுறை சொன்னால் குழந்தைகள் நம்பமாட்டார்கள். அவள் பல வாரம் சோதித்துப் பார்த்தாள், வேண்டுமென்றே பால் டம்ளரைக்கூடக் கவிழ்த்தாள். ஆச்சி கோபப்பட்டார், திட்டினார், ஆனால் ஐந்து நிமிடத்தில் சாப்பிடக் கூப்பிட்டார். அந்த ஐந்து நிமிடத்தை அவர் நோட்டில் வரவில் எழுதியிருந்தார்.

இப்போது

மொத்தம் 14 மாதம், 31 சந்திப்புகள். தூக்கம் ஐந்தாவது மாதத்தில் சரியானது. வாந்தி நின்றது. வயிற்றுப் புரட்டல் எப்போதாவது வருகிறது. ஒரு நாள் கணவரின் போன் தண்ணீரில் விழுந்து ஒரு ராத்திரி முழுக்கப் பேச முடியவில்லை. அன்றைய பதிவில் பற்றில் ‘பயம், ஒன்பது மணி வரை’ என்றும் வரவில் ‘படுத்தேன், தூங்கிட்டேன்’ என்றும் இருந்தது. உள்ளூரில் ஒரு கடைக்குப் பகுதி நேரமாகக் கணக்கு எழுதுகிறார். கணவரிடம் சொல்லிவிட்டுத்தான் சேர்ந்தார், கேட்டுவிட்டு இல்லை. அவர் இரண்டு நாள் சுருக்கமாகப் பேசினாராம். ஆச்சி இரண்டு நாளும் ஏழு மணிக்குப் போனை எடுத்தார்.

ஆத்தாவோடு சரியாகவில்லை. பேச்சு நிறுத்துவது இன்னும் நடக்கிறது. வயதானவரை மாற்ற முடியாது என்று ஆச்சி சொல்கிறார், அதைச் சொல்லும்போது அழுகிறார்.

கணவரின் துக்கம் தொடாமலே இருக்கிறது. போன விடுமுறையில் பெற்ற தாய்க்கு உடம்பு சரியில்லை என்று பார்க்கப் போனவர், அங்கே இலை போட்டபோது “அடுப்படியிலேயே உட்காந்து சாப்பிட்டுக்கிறேன்” என்று சொன்னதாக ஆச்சி என்னிடம் சொன்னார். அதைப் பற்றி அவரோடு பேச எனக்கு இன்னும் வாய்ப்புக் கிடைக்கவில்லை. சிங்கப்பூரில் தமிழில் பேசும் ஆலோசகர் யாராவது இருக்கிறாரா என்று விசாரித்திருக்கிறார், இதுவரை போகவில்லை.

முப்பத்திரண்டாவது சந்திப்பு ஒரு புதன்கிழமை 11 மணிக்கு என்று வைத்திருந்தோம். முந்தின நாள் சாயங்காலம் ஆச்சியிடமிருந்து செய்தி வந்தது. “நாளைக்கு வரலை மேடம். பாப்பா பள்ளிக்கூடத்துல நாடகம், பார்க்கப் போறேன். அடுத்த மாசம் வர்றேன்.” மன்னிப்பு எதுவும் இல்லை.